பாதியில் கிளம்பியவரும் நம்மவரே: பழைய மாணவர் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒன்பது வயதில் எங்கள் பள்ளியில் சேர்ந்தவர். பதினோரு வயதில், தந்தைக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்ததால், கல்வியாண்டின் நடுவிலேயே கிளம்பிவிட்டவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். “நான் உங்கள் பழைய மாணவர் கணக்கில் வருவேனா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்” என்று தொடங்கியிருந்தார். நூலகத்தின் மாடி ஜன்னலோரம் இருந்த மூன்றாவது மேசை, அதன் மூலையில் யாரோ காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்த பாய்மரக் கப்பல், காற்றடித்தால் அந்த ஜன்னல் எழுப்பும் சத்தம் எல்லாம் அவர் நினைவில் இருந்தன. ஆனால் எங்கள் பதிவேட்டில் அவர் இல்லை. பதிவுப் படிவத்தைப் பலமுறை திறந்து பார்த்திருக்கிறார். ‘பள்ளிப்படிப்பை முடித்த ஆண்டு’ என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. அவருக்கு அப்படி ஓர் ஆண்டே கிடையாது.

ஒரு பன்னாட்டுப் பள்ளியின் பழைய மாணவர்களுக்காகப் பல ஆண்டுகளாகச் செய்திமடல் தொகுத்து வருகிறேன். திருமணம், பிறப்பு, பட்டம், புதிய வேலை, இறப்பு, ஒன்றுகூடல் என்று எல்லாமே என் மேசைக்கு வரும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், அந்த ஒரு கட்டத்தைத்தான் சொல்வேன்.

உள்ளூர்ப் பள்ளிக்கு ஏற்ற முறையைப் பன்னாட்டுப் பள்ளிக்கு அப்படியே எடுத்துப் போடுவதால் வரும் தவறு இது. உள்ளூர்ப் பள்ளியில் பெரும்பாலோர் சேர்ந்து படித்து, ஒன்றாகத் தேர்வெழுதி, ஒரே நாளில் வெளியேறுகிறார்கள். பன்னாட்டுப் பள்ளிகள் பிறந்த காரணமே வேறு. ஜெனீவாவில் 1924-ல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. பெற்றோரின் பணிக்காலம் முடிந்தால் குழந்தையின் பள்ளிக்காலமும் முடிந்துவிடும். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, சில நேரம் ஒரே பருவம். இப்படி நாடு விட்டு நாடு வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று 1950-களில் குறிப்பிட்டார் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம். பெற்றோரின் நாடும் முழுதாகத் தனதல்ல, வாழும் நாடும் முழுதாகத் தனதல்ல என்ற நிலையில் வளர்பவருக்கு, பள்ளிக்கூடம்தான் ஊர். அந்த ஊர்க்காரராகவும் நீ இல்லை என்று ஒரு படிவம் சொல்லிவிடக் கூடாது.

மாற்றுவது எளிது. ‘எந்த ஆண்டு முடித்தீர்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருந்தீர்கள், எந்த வகுப்புகளில்’ என்று கேளுங்கள். ஒரு பருவம் மட்டும் படித்தவருக்கும் இதில் இடம் உண்டு. செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் முடித்த ஆண்டை மட்டும் போடாமல், இருந்த காலத்தைப் போடுங்கள். ஒன்றுகூடலுக்கு அழைக்கும்போதும், இந்த ஆண்டுகளில் இங்கே இருந்தவர்கள் அனைவரும் என்று அழையுங்கள். ஆசிரியர்களும், அலுவலகத்தில் இருந்தவர்களும், பஸ் ஓட்டியவரும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவர்கள்தான். பல ஒன்றுகூடல்களில் பார்த்திருக்கிறேன்: பள்ளி முதல்வரைவிட அந்த பஸ் ஓட்டுநரைச் சுற்றித்தான் பெரிய கூட்டம் நிற்கும்.

ஆண்டைப் பற்றி இன்னொன்று. வட அரைக்கோளத்தில் பெரும்பாலான பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும், ஜப்பானில் ஏப்ரலில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியில். பல பன்னாட்டுப் பள்ளிகளின் பள்ளியிறுதித் தேர்வான இன்டர்நேஷனல் பக்கலரியேட் டிப்ளமா தேர்வே மே மாதத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று என நடக்கிறது. அதனால் ‘2008 செட்’ என்று எழுதியிருந்தால் அது சேர்ந்த ஆண்டா முடித்த ஆண்டா என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

பெயர்

பெயரைத் தப்பாக எழுதிவிட்டு வாழ்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கொரிய, சீன, ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஸ்பெயின்காரர் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். கடைசியில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதினால் அவருடைய நாட்டில் யாரும் அவரை அடையாளம் காண மாட்டார்கள். ஐஸ்லாந்தில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து பிள்ளையின் பின்பெயர் வரும், ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் அது வேறுபடும். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்பவர்கள் ஏராளம். ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்ட பட்டியலில் இவர்களெல்லாம் உடைந்து போகிறார்கள். ‘உங்கள் பெயர் அச்சில் எப்படி வர வேண்டும்? பள்ளியில் உங்களை எப்படி அழைத்தார்கள்?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவது கேள்வி முக்கியம். பள்ளி நாளில் எல்லோருக்கும் தெரிந்த செல்லப்பெயர் இல்லாமல், அரசாங்கச் சான்றிதழில் உள்ள பெயரை மட்டும் போட்டால் வகுப்புத் தோழர்களுக்கே யாரென்று தெரியாது. ஆனால் செல்லப்பெயர்களில் சில, அன்று அழைத்தவர்களுக்கு மட்டுமே செல்லமாக இருந்தவை. அழைக்கப்பட்டவர் அழுதிருப்பார். அவரே எழுதித் தந்தால் போடுங்கள், மற்றவர் சொன்னால் போடாதீர்கள்.

கேட்காமல் போடுவது

நல்ல செய்திதானே, மகிழ்ச்சிதானே அடைவார் என்று நினைத்துக் கேட்காமல் வெளியிடுவது அடுத்த தவறு. இதன் விலையை நான் நேரில் பார்த்தேன். மார்ச் மாதத்தில் ஒரு தோழி, இன்னொரு தோழி கர்ப்பமாக இருக்கிறாள் என்று உற்சாகமாக எழுதி அனுப்பினாள். இதழ் வந்தது ஜூனில். இடையில் அந்தக் கரு கலைந்துவிட்டது. அச்சிட்ட வாழ்த்து நாலு கண்டங்களில் இருந்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வாரக் கணக்கில் அவருக்கு வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு விதிகளை விட்டதில்லை. செய்திக்கு உரியவரின் வாயிலிருந்து ஒப்புதல் வராமல் எதுவும் போவதில்லை. அச்சுக்குப் போகும் வாரத்தில், ஏற்கனவே ஒப்புக்கொண்டவரிடமும் ஒரு வரி எழுதி மறுபடி கேட்கிறேன். செய்தி வந்த நாளுக்கும் வெளியாகும் நாளுக்கும் இடையில் திருமணங்கள் நின்றிருக்கின்றன, வேலைகள் போயிருக்கின்றன.

பன்னாட்டுச் சமூகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு நாட்டில் சாதாரணமான செய்தி இன்னொரு நாட்டில் ஆபத்தானது. ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டப்படி நடக்கும் நாடுகளும் இருக்கின்றன, அத்தகைய உறவுக்கே சிறைத்தண்டனை தரும் நாடுகளும் இருக்கின்றன. திருமணப் படத்தில் சிரித்து நிற்பவர் அடுத்த மாதம் வேலைக்காக எந்த நாட்டுக்குப் போகப் போகிறார் என்பது நமக்குத் தெரியாது. அகதியாக வெளியேறியவர், மனித உரிமைப் பணியில் இருப்பவர், வன்முறைக் கணவரிடமிருந்து விலகி வாழ்பவர் ஆகியோருக்கு, இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்ற ஒரு வரியே போதும் வினையாக. ஆகவே ஊர்ப்பெயரைத் தனியாகக் கேட்டு, தனியாக ஒப்புதல் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனிப்பட்ட விவரங்களைக் கையாள்வதற்கு ஒப்புதல் போன்ற சட்டப்படியான அடிப்படை வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் கேட்பதே மரியாதை. குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை மறைநகலில் (Bcc) போடுங்கள். இதை மறந்ததால் முந்நூறு பேரின் முகவரி முந்நூறு பேருக்கும் போன கதை அநேகமாக எல்லாச் சங்கத்திலும் உண்டு.

எது செய்தி?

பதவி, விருது, நிறுவனம் என்று மட்டுமே இதழ் வந்துகொண்டிருந்தால் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். “சொல்லும்படி என்னிடம் ஒன்றுமில்லை” என்ற பதில் எனக்கு அடிக்கடி வரும். அப்படி எழுதிய ஒருவரிடம், இந்த ஆண்டு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். நினைவு தப்பிப்போன தாயைக் கவனித்துக்கொள்வதாகவும், தாய் இப்போது மகன் சின்ன வயதில் கற்ற மொழியில் மட்டுமே பேசுவதாகவும், அதற்காக அந்த மொழியை முப்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி படிப்பதாகவும் எழுதினார். அந்த இதழில் அதிகம் பேர் பதில் எழுதிய செய்தி அதுதான். இன்று பள்ளியில் படிப்பவர்களின் தேர்வு மதிப்பெண்ணைப் பழைய மாணவர் இதழில் பெரிதாகப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. டிப்ளமா தேர்வில் 45-க்கு 45 வாங்கிய பிள்ளையைப் பள்ளி பாராட்டட்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் 24 வாங்கித் தேறியவர் படிக்கும் பக்கம் இது.

இறப்புச் செய்தி

இதில்தான் அவசரமே ஆகாது, ஆனால் இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். யாரோ ஒருவர் குழுவில் ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதுவார். பத்து நிமிடத்தில் நாற்பது இரங்கல் சேர்ந்துவிடும். ஒரு முறை அதே பெயருள்ள இன்னொருவரின் மரணம் எங்கள் மாணவருடையதாகப் பரவியது. அவருடைய அம்மாவுக்கு மகன் இறந்துவிட்டதாக ஆறுதல் அழைப்பு வந்தது. மகன் அப்போது விமானத்தில் இருந்தார், அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அந்தத் தாய் தவித்த ஏழு மணி நேரத்துக்கு யாரிடமும் பதில் இல்லை.

குடும்பத்தில் ஒருவரிடமிருந்தோ, குடும்பம் வெளியிட்ட அறிவிப்பிலிருந்தோ உறுதியாகும்வரை ஒரு சொல்லும் வெளியிடக் கூடாது. இறந்த காரணத்தைக் குடும்பம் சொன்னால் ஒழிய எழுத வேண்டாம். தற்கொலையானால், குடும்பம் சொன்னாலும் எப்படி என்ற விவரம் வேண்டாம். எந்தப் படம் என்பதையும் குடும்பத்திடம் விடுங்கள். இரங்கல் வரும் பக்கத்தில் நன்கொடை வேண்டுகோளையும் ஒன்றுகூடல் விளம்பரத்தையும் வைக்காதீர்கள். பக்க அமைப்பில் தானாக வந்து விழும் அபாயம் இருப்பதால், கடைசி மெய்ப்பில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அன்றே குறிப்பிடுங்கள். இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போவதைவிடக் குடும்பத்துக்குக் கொடியது வேறில்லை.

இரங்கல் உரையை நாமே பட்டியலாக எழுதிவிடாமல், கூடப் படித்த இருவரிடம் ஆளுக்கொரு நினைவு கேளுங்கள். ‘அன்பானவர், பண்பானவர்’ என்பது யாருக்கும் பொருந்தும். ‘புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்’ என்பது அவளுக்கு மட்டுமே பொருந்தும்.

கூடும் நாள்

இணையவழிச் சந்திப்பென்றால் எல்லோருக்கும் வசதியான நேரம் என்று ஒன்று கிடையாது. ஜூன் மாதத்தில் உலகப் பொது நேரம் பகல் 12 மணிக்கு வைத்தால், லண்டனில் பிற்பகல் 1, நைரோபியில் 3, டோக்கியோவில் இரவு 9, ஆக்லாந்தில் நள்ளிரவு, நியூயார்க்கில் காலை 8, லாஸ் ஏஞ்சலிஸில் விடியற்காலை 5. ஆண்டுதோறும் ஒரே நேரத்தில் வைத்தால் ஒரே ஊர்க்காரர்கள்தான் ஒவ்வொரு முறையும் தூக்கம் இழப்பார்கள். இரண்டு முறை நடத்துங்கள், அல்லது முறை வைத்து மாற்றுங்கள். மார்ச்சில் கூடுதல் கவனம் வேண்டும்: அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட நாட்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். தேதியை 03/04 என்று எண்ணால் எழுதாதீர்கள். பாதிப் பேருக்கு அது ஏப்ரல் 3, மீதிப் பேருக்கு மார்ச் 4.

நேரில் கூடுவதானால் விசாவை நினைவில் வையுங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவருக்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவே வேண்டாம். இன்னொருவர் நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முன்னதாகத் தேதி சொன்னால் முதலாமவர் வருவார், இரண்டாமவர் படத்தில் பார்ப்பார். ஓராண்டுக்கு முன்பே தேதியை அறிவித்து, கேட்பவர்களுக்கு அழைப்புக் கடிதமும் தர வேண்டும்.

நான் முதலில் சொன்னவர் சென்ற ஆண்டு ஒன்றுகூடலுக்கு வந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெயருக்குக் கீழே ‘நான்காம், ஐந்தாம் வகுப்பு’ என்று இருந்தது. நூலகம் எங்கே என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. நேராக மாடிப்படி ஏறினார்.