பச்சைத் தோடம்பழத்தைக் கண்டு பயப்பிடாதேங்கோ: ஊருக்குப் போறாக்களுக்கு

ஊருக்குப் போறம் எண்டு சொன்னா சிம் காட் எங்க எடுக்கிறது, காசு எங்க மாத்திறது, கொழும்பில இருந்து பஸ்ஸா ரெயினா எண்டு ஆளுக்கொரு புத்தி சொல்லுவினம். தோடம்பழம், அதுதான் ஒரேஞ்சு, எப்பிடி வாங்கிறது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. இதென்ன பெரிய விசயமே எண்டு கேப்பியள், ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஆவணி வெயிலுக்க யாழ்ப்பாணத்தில நாலு கிழமை நிண்டு பாருங்கோ, அதுகளும் இஞ்ச கனடாவில, ஸ்காபரோவில, காலமை எழும்பினா பெட்டி ஜூஸ் குடிச்சுப் பழகினதுகள், அப்ப தெரியும்.

போய் இறங்கி ரெண்டாம் நாள் நான் ரவுணுக்குப் போய், நல்ல மினுமினுப்பா ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வைச்ச வெளிநாட்டு ஒரேஞ்சில பன்ரண்டு வாங்கிக்கொண்டு வந்தன். என்ன நிறம் எண்டுறியள், படம் எடுத்து ஒட்டலாம். வெட்டிப் பிழிஞ்சா பஞ்சு. அஞ்சு பழம் பிழிஞ்சும் ஒரு கப் வரேல்ல. சித்தி அடுப்படி வாசல்ல நிண்டு பாத்திட்டு, "உதென்னடா, நிறத்தைப் பாத்தே வாங்கினனீ?" எண்டு ஒரு சிரிப்பு.

அடுத்த நாள் அவவே என்னை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒரு மூலையில ஒரு அம்மா சாக்கை விரிச்சு பழத்தைக் குவிச்சு வைச்சிருந்தவ. எல்லாம் பச்சை, அங்கையிங்க மஞ்சள் திட்டு, சிலதில கறுப்புப் புள்ளி. "இன்னும் பழுக்கேல்லப் போல" எண்டு நான் சித்தியின்ர காதுக்க சொன்னது அந்த அம்மாவுக்குக் கேட்டிட்டுது. ஒண்டும் கதைக்கேல்ல, ஒரே அளவான ரெண்டு பழத்தை எடுத்து என்ர ரெண்டு கையிலயும் ஒவ்வொண்டா வைச்சா. ஒண்டு கல்லு மாதிரிப் பாரம், மற்றது லேசு. "தம்பி, பாரத்திலதான் சாறு. மற்றது உள்ளுக்குக் காய்ஞ்சு போச்சு" எண்டிட்டு லேசான பழத்தை எடுத்துப் பின்னால கிடந்த பெட்டிக்குள்ள போட்டா. நான் இந்த எழுத்தெல்லாம் எழுதிறது அந்த ஒரு விசயத்தைச் சொல்லத்தான், மிச்சம் எல்லாம் அதுக்குப் பின்னால வாறது.

நிறம் ஏன் பொய் சொல்லுது எண்டா, தோடம்பழத்தின்ர தோல் மஞ்சளாகிறதுக்குக் குளிர் இரவு வேணும். குளிர் பட்டாத்தான் தோல்ல இருக்கிற பச்சையம் அழிஞ்சு உள்ள கிடக்கிற நிறம் வெளிய தெரியும். கலிபோர்னியா, ஸ்பெயின் பக்கம் மாரி வரேக்க இரவு குளிரும், பழமும் நிறம் மாறும். எங்கட ஊரில இரவும் புழுக்கம்தானே, அப்ப பழம் உள்ளுக்கு நல்லாப் பழுத்து இனிச்சாலும் தோல் பச்சையாவே நிக்கும். இன்னொண்டும் சொல்லுறன், வலன்சியா எண்டு ஒரு இனம், மரத்தில நிறம் மாறி நிண்ட பழம் திருப்பி வெயில் கூட வரேக்க பச்சை அடிக்கும், அதால பழத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடையில மினுங்கிறதுகளில சிலதை எதிலீன் வாயு பிடிச்சுத்தான் நிறம் மாத்திறவை, மெழுகும் பூசுறவை. நிறத்தை வைச்சு ருசியைச் சொல்லேலாது, அவ்வளவுதான்.

சரி, சந்தையில நிண்டு எப்பிடித் தெரியிறது? முதல் வேலை அந்த அம்மா செய்தது. ஒரே அளவில ரெண்டைத் தூக்கிப் பாருங்கோ, பாரமானதை எடுங்கோ. பெரிய பழம்தான் நல்லது எண்டு நினைக்காதேங்கோ, கன பெரிய பழங்கள் தோல் மொத்தமா இருக்கும், சாறுக்கு நடுத்தரமானதுதான் திறம். தோல் மெல்லிசா, அழுத்தமா, விரலால அமத்தினா கொஞ்சம் குடுத்து திரும்பி வாறமாதிரி இருக்க வேணும். மேடு பள்ளமா, தோலுக்கும் சுளைக்கும் இடையில காத்துப் போனமாதிரி இருந்தா விடுங்கோ. காம்படியில அமத்தேக்க தண்ணியா இளகினா அது அழுகத் தொடங்கீட்டுது. தோல்ல பழுப்புக் கீறல், காத்துக்குக் கொப்பில உரசின தழும்பு, இதுக்கெல்லாம் பயப்பிட வேண்டாம், உள்ளுக்கு ஒண்டும் செய்யாது, விலை பேசேக்க வேணுமெண்டா அதைக் காட்டிக் குறைச்சுக் கேளுங்கோ. கூட வாங்கிறியள் எண்டா "அம்மா, ஒண்டை வெட்டிக் காட்டுங்கோ" எண்டு கேக்கலாம், சந்தையில கன பேர் வெட்டிக் குடுப்பினம். கடையில கேக்காதேங்கோ, முறைப்பினம்.

உள்ளூர்ப் பழத்தில பேர் போனது பிபிலைத் தோடம்பழம். பிபிலை மொனராகலை மாவட்டத்தில இருக்கு, பதுளையில இருந்து செங்கலடிக்குப் போற ஏ5 ரோட்டு அதுக்குள்ளாலதான் போகுது, அப்ப மட்டக்களப்புக்குப் போற ஆக்கள் மலைநாடு பாத்திட்டு அந்த வழியால இறங்கினா, சீசன் நேரமெண்டா, ரோட்டுக்கரையில வாகனத்தை மறிச்சு வாங்கிக்கொண்டு போகலாம். யாழ்ப்பாணத்தில வீட்டு வளவுகளில நிக்கிற மரத்துப் பழமும் சிலவேளை சந்தைக்கு வரும், கிடைச்சா விடாதேங்கோ. உள்ளூர்ப் பழத்தின்ர சாறு வெளிறின மஞ்சளாத்தான் இருக்கும், பெட்டி ஜூஸின்ர நிறத்தை எதிர்பாக்காதேங்கோ. புளிப்பும் குறைவு, வெறும் இனிப்பா இருந்தா பாதித் தேசிக்காய் பிழிஞ்சு விடுங்கோ, ஒரு சொட்டு உப்பும் போட்டா வேற ஒரு சாமான் ஆகிடும். கொட்டை கூட. அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

வெளிநாட்டுப் பழம்தான் கிடைக்குது எண்டா அது எங்கத்தைப் பழம் எண்டு ஸ்டிக்கரைப் பாருங்கோ, நீங்கள் போற மாதத்தோட வைச்சுப் பாக்க வேணும். நல்லூர்த் திருவிழாவுக்கு, பள்ளிக்கூட லீவுக்கு எண்டு ஆடி ஆவணியில போறவைக்கு அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்காப் பழம் புதுசு, அங்க அப்பதான் மாரி, அப்பதான் அறுவடை. மார்கழி தையில போனா எகிப்துப் பழம், பாக்கிஸ்தான் மண்டரின் இதுகளின்ர காலம். மார்கழியில தென்னாபிரிக்கா ஸ்டிக்கர் கண்டா அது கனகாலம் குளிர் அறையில கிடந்து வந்தது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. நான் முதல் வாங்கின பன்ரண்டும் ஆவணியில எகிப்துப் பழம், பிறகு குப்பைக்கூடையைக் கிளறி ஸ்டிக்கரைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சனான்.

அடியில தொப்புள் மாதிரி ஒண்டு இருக்கிற பழம் நேவல். உரிக்கச் சுகம், கொட்டை இல்லை, சாப்பிட அருமை, ஆனா ஜூஸுக்கு ஒரு பிரச்சினை இருக்கு. பிழிஞ்ச உடன இனிக்கும், கொஞ்ச நேரம் வைச்சா கைக்கும், லிமொனின் எண்டு ஒரு சாமான் சாறுக்குள்ள மெல்ல மெல்ல உண்டாகிறதாலதான். காலமை பிழிஞ்சு பிறிட்ஜில வைச்சு பின்னேரம் விருந்தாளுக்குக் குடுத்தா வந்தாக்கள் முகத்தைச் சுழிப்பினம். நேவல் எண்டா பிழிஞ்ச கையோட குடியுங்கோ. தொப்புள் இல்லாத, தோல் மெல்லிசான வலன்சியா கிடைச்சா அதுதான் சாறுக்கு. லண்டன் ஆக்களுக்கு ஒரு கதை, ஜாஃபா ஒரேஞ்சு எண்ட பேர் இங்கிலிசில ஜஃப்னா மாதிரிக் கேக்கிறதால அதை எங்கட யாழ்ப்பாணத்துப் பழம் எண்டு நம்பிக்கொண்டு வளந்த பிள்ளையள் இருக்கினம், அது மத்திய கிழக்கில இருக்கிற ஜாஃபாத் துறைமுகத்தின்ர பேர், எங்களுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

சொல்லிலயும் கவனமா இருங்கோ. தோடம்பழம் வேற, கொடித்தோடை வேற. கொடித்தோடை எண்டா பாஷன் ஃப்ரூட். கனகாலம் வெளிய இருந்தாக்கள் "தோடை ஜூஸ் ஒண்டு" எண்டு அரைகுறையாச் சொல்லிப்போட்டு கறுப்பு விதை மிதக்கிற கிளாஸைப் பாத்து முழிச்சதைக் கண்டனான். அதுவும் நல்லாத்தான் இருக்கும், குடியுங்கோ. கடையில ஜூஸ் குடிக்கிறதெண்டா சீனி போடாமல், ஐஸ் போடாமல் எண்டு ரெண்டையும் முதலே சொல்ல வேணும், சொல்லாட்டி மூண்டு கரண்டி சீனி உள்ள போயிடும், ஐஸ் எந்தத் தண்ணியில செய்தது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டில பிழியிறது சிம்பிள். கொதிச்சாறின தண்ணியில பழத்தைக் கழுவுங்கோ, தோலைத்தானே எறியிறம் எண்டு விட்டா கத்தி தோல்ல உள்ளதை உள்ளுக்குக் கொண்டு போகும். பிறிட்ஜில இருந்து எடுத்த உடன பிழியாமல் கொஞ்சம் வெளிய வைச்சு, மேசையில உள்ளங்கையால அமத்தி உருட்டிப்போட்டு, குறுக்கால வெட்டுங்கோ, நெடுக்கால வெட்டினா சுளை பிரியாது. 200 கிராம் பழம் ஒண்டில 80, 90 மில்லி வரும், ஒரு கிளாஸுக்கு மூண்டு பழம் எண்டு கணக்கு வைச்சா சரி. பிளெண்டருக்குள்ள போடுறது எண்டா வெள்ளைத் தோலையும் கொட்டையையும் முழுக்க எடுத்துப்போட்டுப் போடுங்கோ, கொட்டை அரைபட்டா கைப்பு. சித்தி வீட்டில நடுவில கூம்பு வைச்ச ஒரு கண்ணாடிப் பிழியி இருக்கு, அம்மம்மாவின்ர காலத்துச் சாமான், அதைவிட ஒண்டும் வேண்டாம்.

இதைச் சொல்லுறன், கனடா ஆக்கள் இஞ்ச இருந்து எலெக்ட்ரிக் ஜூசர் கட்டிக்கொண்டு போகாதேங்கோ. இஞ்ச கரண்ட் 120 வோல்ட், அங்க 230. மச்சான் பிளக் மாத்திற சின்ன அடாப்டரைக் கொழுவிட்டு "எல்லாம் சரி" எண்டு சுவிச்சைப் போட்டார், ஒரு சத்தம், ஒரு புகை, பிள்ளையள் கை தட்டிச்சுதுகள். அடாப்டர் பிளக்கின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. லண்டன் ஆக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிற வயசான ஆக்கள், பந்து மாதிரிப் பெரிசா இருக்கிற ஜம்போலாவை (பம்ப்ளிமாஸ்) ஜூஸ் அடிச்சுக் குடிக்க முதல் டொக்டரைக் கேளுங்கோ, அது சிம்வஸ்டற்றின் மாதிரிச் சில குளிசையளோட ஒத்துவராது, தோடம்பழத்தில அந்தப் பயம் இல்லை. சுகர் இருக்கிறவை பிழியாமல் சுளையாச் சாப்பிடுங்கோ.

திரும்பி வரேக்க பழம் கொண்டு வாற யோசனையை விடுங்கோ. ஐரோப்பிய யூனியனுக்குள்ள பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டு போகக்கூடிய பழம் அஞ்சே அஞ்சுதான், வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். தோடம்பழம் அதில இல்லை. இதெல்லாம் சித்திக்கு விளங்குமே, வெளிக்கிடுற அண்டு என்ர கைப்பைக்குள்ள நாலு பச்சைப் பழத்தைப் பேப்பரில சுத்தி வைச்சு விட்டிட்டா. கட்டுநாயக்காவில உள்ளுக்குப் போக முதல் வெளி வாங்கில இருந்து, பிள்ளையளுக்கு ரெண்டு, மனுசிக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு எண்டு உரிச்சுச் சாப்பிட்டிட்டு, துடைக்க ஒண்டும் இல்லாமல் அந்தப் பிசுபிசுத்த கையோடதான் பாஸ்போட்டை நீட்டினனான்.