தானா ராத்தாவில் மலைப்பாதை ஓட்டம்: முதல் ஆறு வாரங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊரில், முதல் நாளே 10ஆம் எண் பாதையில் ஜாசார் மலையை ஓடியே ஏறிவிடலாம் என்று கிளம்பியவன் நான். கால் மணி நேரத்தில் ஒரு மரவேரின் மேல் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் புறப்பட்ட சீனப் பெரியவர் ஒருவர், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்தே என்னைக் கடந்து போனார். போகிற போக்கில் ஒரு புன்னகை வேறு. பள்ளித் திடலில் ஐந்து கிலோமீட்டர் ஓடிச் சேர்த்த பெருமை அந்த வேரிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையில் இதை எழுதுகிறேன். சமதளத்தில் இருபது நிமிடம் மெதுவாக ஓட முடிகிறவர்களுக்கு இது போதும். தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம் என்று பொருள். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, கடைத்தெருவைத் தாண்டி அவர்கள் நடந்திருக்க மாட்டார்கள்.

முதல் படி: காலணி

விலை உயர்ந்த காலணியை இப்போது வாங்காதீர்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த ‘அடிடாஸ் கம்போங்’ போதும். பால்மரம் சீவுகிறவர்களும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் போடும் அதே கறுப்பு ரப்பர் காலணிதான். பெயரில் இருக்கும் ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலிருந்து அடிவரை ஒரே வார்ப்பு, அடியில் முள் முள்ளாகக் குமிழ்கள். ஈரக் களிமண்ணை அது பிடிக்கிற பிடி, பத்து மடங்கு விலையுள்ள காலணிகளிலும் எனக்குக் கிடைத்ததில்லை. துணி இல்லாததால் நீர் ஊறிக் கனக்காது. வீட்டுக்கு வந்து குழாயடியில் காட்டினால் சேறு போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே மெத்தை கிடையாது. வெறும் காலோடு போட்டால் அரை மணியில் குதிகால் கொப்பளித்துவிடும். ஆகவே முழங்கால் வரை வரும் கால்பந்துக் காலுறை கட்டாயம். காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கும்படி அளவெடுங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும், அளவு சரியில்லை என்றால் நகம் கறுத்துப்போகும். தார்ச்சாலையில் மட்டும் இதைப் போட்டு ஓடாதீர்கள். முழங்கால் மன்னிக்காது. தாருக்குச் சாதாரண ஓட்டக் காலணி, மண்ணுக்கு இது.

இரண்டாம் படி: எப்போது கிளம்புவது

காலை, காலை மட்டுமே. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் நமக்கு விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். காட்டுக்குள் வெளிச்சம் இறங்க இன்னும் சற்று நேரம் ஆகும். ஏழரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். பிற்பகலில் மேகம் கட்டிக் கொட்டுவது இந்த மலையின் வழக்கம். நனைந்த வேரின் மேல் கால் வைப்பது சோப்பின் மேல் வைப்பது போலத்தான். பள்ளி விடுமுறை நாள்களில் சாலை நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம் தோட்டச் சாலை

காட்டுக்குள் போகாதீர்கள். தேயிலைக்கு நடுவே போகும் சாலையில் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஏற்றம் வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். மலை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். தூரத்தை அளக்கவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம்தான் சரியான வேகம்.

தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்காதீர்கள். வாயிலில் இருக்கும் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மருந்தடிக்கும் பக்கம் போக வேண்டாம். கொழுந்து ஏற்றிய லோரி வந்தால் சரிவின் மேல்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளின், நாய்கள் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து போனால் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும். ஹாபு என்ற சிற்றூரில் பிரிந்து, 1929இல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் குறுகல், வளைவுகள் நிறைய. வாரநாள் விடியலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இறங்கக் கற்றல்

ஏற்றம் நெஞ்சைத்தான் சோதிக்கும். விழுவது இறக்கத்தில். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பாட்டி. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மழையில் நனைந்த சரிவில், முதுகில் கூடையோடு, ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு இறங்கும்போது ஒரு நாளும் வழுக்கியதில்லை என்பார். கணுக்கால் பிசகி நான் வீட்டில் கிடந்தபோது, வாசற்படியில் நின்று சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். “குதிகாலை முதலில் ஊன்றாதே ஐயா. முழங்காலை விறைக்காதே, சற்று மடங்கியே இருக்கட்டும். எட்டைச் சின்னதாக வை.”

அவர் பாதத்தைக் கவனித்தேன். முழுப் பாதமும் ஒரே நேரத்தில் மண்ணைத் தொட்டது. உடல் எடை அதன்மேல் முழுதாக விழுவதற்குள் அடுத்த கால் கிளம்பிவிட்டது. உடல் பின்னால் சாயவே இல்லை. பயத்தில் நாம் பின்னால் சாய்கிறோம். சாய்ந்தால் குதிகால் முன்னால் வழுக்கி உட்கார வைத்துவிடும். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு எட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். கைகளை இரு பக்கமும் தளர்வாக விரித்துக்கொள்ளுங்கள், கோழி இறக்கையை விரிப்பது போல. பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

இருபது மீட்டர் மண்சரிவு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, நடந்து ஏறி, இப்படி இறங்குங்கள். பத்து முறை. வாரம் இரண்டு நாள் இதைச் செய்தால் போதும்.

ஐந்தாம் படி: காட்டுப்பாதை

ஊரைச் சுற்றி எண்ணிட்ட பாதைகள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் திறந்திருப்பதில்லை. சிலவற்றுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். முந்தின நாளே ஊரில் விசாரித்துவிடுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்களுக்கு 4ஆம் பாதை. ஓடையை ஒட்டிப் பாரிட் அருவிக்குப் போகிறது. பெரிய ஏற்றம் இல்லை. அருவியைப் பற்றிக் கனவு வேண்டாம், சின்னது. ஐந்தாம் வாரம், மார்டி வேளாண் ஆய்வு நிலையத்துப் பக்கமிருந்து ராபின்சன் அருவி வரை. அங்கேயே திரும்பிவிடுங்கள், அதற்கு அப்பால் 9ஆம் பாதை செங்குத்தாக இறங்குகிறது.

மழைக்காலத்தில் அட்டை ஏறும். பதறிப் பிடித்து இழுக்காதீர்கள். கடித்திருக்கும் மெல்லிய முனைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் வெகுநேரம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம், கழுவி அழுத்திக் கட்டினால் சரியாகிவிடும்.

எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் போகவே கூடாது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இந்த மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனார். பெரும் தேடுதல் நடந்தது. இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. கைப்பேசி, விசில், அரை லிட்டர் தண்ணீர், ஒரு மழையங்கி. அவசரம் என்றால் 999. காட்டுக்குள் அலைவரிசை எல்லா இடத்திலும் கிடைக்காது, விசிலைச் சும்மா சொல்லவில்லை.

ஆறாம் வாரம்: ஜாசார்

உச்சி ஏறக்குறைய 1,700 மீட்டர். ஊரிலிருந்து 250 மீட்டர் ஏற்றம். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் முழுவதும் நடை, தட்டையான துண்டுகளில் மட்டும் ஓட்டம், இறக்கத்தில் பாட்டியின் எட்டு. கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து மணி என்றால் பத்து மணி; உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். நான் இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் முறை உச்சியில் நின்றபோது மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. இறங்கி வந்து பசியாறப் போனால் கடையில் தோசை மாவு தீர்ந்திருந்தது, அடுத்த வாரம் ஏழு மணிக்கே கிளம்பினேன்.