புது சைலன்ஸர் போட்டதும் பட்பட் சத்தமா?
காரில் கம்பெனி சைலன்ஸருக்குப் பதிலாக வெளியில் வாங்கியதைப் போட்ட பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறதா? உடனே ட்யூனிங்குக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். முதலில் இணைப்புகளைப் பாருங்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள் வெடிக்க வழிசெய்யும்.

திறந்த வெளியில், ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து, குழாய்களை இணைக்கும் பிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு), கிளாம்ப் (இறுக்கும் பட்டை) மேல் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஒருவர் பின்குழாயைத் தடித்த துணியால் ஓரிரு நொடி லேசாக அடைத்தால், கசியும் இடத்தில் நுரை பொங்கும். இணைப்புக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டில் பழையதையே திரும்பப் போட்டிருந்தால் (பலர் செய்வதுதான்) அதை மாற்றிவிடுங்கள். சில நாள் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும்.

கசிவே இல்லையா? சரி, அப்புறம் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.