தொட்டியில் காய்கறி வளர்க்க முதல் முறை இறங்குபவர்களுக்கு

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தொட்டி வைக்கப்போகும் இடத்தில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு விடுமுறை நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை மாதிரி காய்ப்பவற்றுக்கு நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லிக்கு 3, 4 மணி நேரம் இருந்தாலே சமாளித்துக்கொள்ளும். "எங்க பால்கனியில வெளிச்சம் நல்லா வருமே" என்பது கணக்கில் சேராது, இலை மேல் நேராக வெயில் விழ வேண்டும். நிழலில் வைத்த தக்காளி நெடுநெடுவென்று வளரும், காய் மட்டும் வராது. எந்த உரம் போட்டாலும் அது சரியாகாது.

அடுத்து தொட்டி. நிலத்துச் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் வேர் இன்னும் ஆழமாக, இன்னும் தள்ளிப் போய்த் தேடிக்கொள்ளும். தொட்டிக்குள் அது சுவரில் முட்டித் திரும்ப வேண்டியதுதான். நீங்கள் கொடுத்த மண், நீங்கள் ஊற்றிய தண்ணீர், அவ்வளவுதான் அதன் சொத்து. அதனால் தொட்டி அளவில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். தக்காளி, கத்தரி என்றால் செடி ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர், மிளகாய்க்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி ஓட்டை போட்டாலே போதும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் 15 செ.மீ. ஆழம் போதும், அகலம்தான் முக்கியம். மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கறுப்பு நிறமாக இருந்தால் கடும் வெயிலில் வேர் வரைக்கும் சூடேறும்.

அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் ஒன்று உண்டு, அதில் பிரயோஜனம் இல்லை. மண் கலவையில் இருக்கும் நீர் அவ்வளவு சுலபமாக ஜல்லிக்குள் இறங்காது, அதற்கு மேலேயே தங்கி நிற்கும், வேருக்கு இருந்த கொஞ்ச இடமும் குறைந்துபோகும். ஓட்டை மேல் ஒரு துண்டு வலை வைத்தால் மண் வெளியே போகாது, அது போதும்.

வெறும் தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளி நிரப்பாதீர்கள். ஊற்ற ஊற்ற அது இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. மண் ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, இது பெரும்பாலான செடிகளுக்கு ஒத்துவரும். கோகோபீட்டில் உப்பு இருக்கலாம் என்பதால் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை அலசிவிடுங்கள். எரு மக்கியிருக்கிறதா என்று மூக்கே சொல்லும்: மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி, மூக்கில் ஏறுகிற மாதிரி நெடி அடித்தால் இன்னும் ஆகவில்லை, வேரைக் கருக்கிவிடும். கலந்து லேசாக நீர் தெளித்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண் மாதிரி அப்படியே நின்றால் இன்னும் கோகோபீட் சேருங்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் வெளியே வழியும்.

செடிகள் அதிகம் சாவது தண்ணீரால்தான், அதுவும் பாசத்தால். தினமும் இத்தனை டம்ளர் என்று கணக்கு வைக்காமல் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் நீர் வரும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி நேராக ஓட்டையில் வந்துவிடும், நமக்கு நிறைய ஊற்றிய திருப்தி, நடுவில் வேர் இருக்கும் இடம் தூளாகவே இருக்கும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருப்பதிலேயே தெரிந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். இன்னொன்று, செடி வாடியிருந்தால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள். வேர் அழுகிய செடியும் இதே மாதிரிதான் வாடும், அதற்கு மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. உச்சி வெயிலில் தொங்கி சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலையில்லை.

என்ன வைப்பது? நாலைந்து தொட்டியோடு நிறுத்துங்கள். கீரையும் முள்ளங்கியும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கைக்கு வரும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அது தெம்பு. விதையை அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போட்டால் போதும், கீரை விதைக்கு மேலே மண் தூவினாலே ஆயிற்று. கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து நேரடியாகத் தொட்டியில் விதையுங்கள், பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. முளைக்க இரண்டு வாரம் வரை ஆகலாம், அதற்குள் கிளறிப் பார்க்க வேண்டாம். வெயில் காலத்தில் சீக்கிரம் பூத்து முடிந்துவிடும். புதினாவுக்கு விதையே தேவையில்லை, முற்றிய தண்டு ஒன்றின் கீழ் இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். ஆனால் தனித்தொட்டி கொடுங்கள், பக்கத்துச் செடியை விழுங்கிவிடும். தக்காளி நாற்றைத் தண்டின் பாதி வரை புதைத்து நடலாம், புதைந்த தண்டிலும் வேர் வரும். மிளகாய், கத்தரியை இருந்த ஆழத்திலேயே நடுங்கள். நடுவது சாயங்காலமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சத்து கொஞ்சம் கரைந்து வெளியேறும், அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். இலை அடர்த்தியாக இருந்தும் பூவே இல்லை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, உரத்தை நிறுத்திப் பாருங்கள். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் நோய் என்று மருந்து தேடாதீர்கள். தண்ணீர் ஒரு நாள் அதிகம், மூன்று நாள் இல்லை என்று போனால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது இது. முட்டை ஓடு போட்டால் சரியாகும் என்பார்கள், அது கரைய மாதக்கணக்கில் ஆகும்.

பூச்சிக்கு, வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். அசுவினி, மாவுப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகள் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். எறும்பு வரிசையாகச் செடி ஏறினாலும் சந்தேகப்படுங்கள், அந்தப் பூச்சிகள் கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. கொஞ்சமாக இருந்தால் தண்ணீரை வேகமாக அடித்தாலே போய்விடும். இல்லையென்றால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், அது நீரில் கலக்க சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு தெளித்து, வாரம் கழித்து மறுபடியும்.

பறிக்கத் தயங்காதீர்கள். கீரையை இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும், மிளகாயைப் பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த பூ வரும். செடி ஓய்ந்ததும் வேரை எடுத்துவிட்டு, பழைய கலவையில் மூன்றில் ஒரு பங்கு எரு சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது. அதனால் இவற்றில் ஒன்று இருந்த தொட்டியில் அடுத்த முறை கீரையோ வெண்டையோ போடுங்கள்.