சொட்டட்டும், விடுங்கள்: டெஃப்லான் கிளாண்ட் பேக்கிங் போடுவது எப்படி?

சென்னை மணலிப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்த மூன்றாவது வாரம். ஒரு பம்பின் கிளாண்டில், அதாவது சுழலும் தண்டு (ஷாஃப்ட்) வெளியே வரும் இடத்தில் கசிவை அடைக்கும் கயிற்றை (பேக்கிங்) அழுத்திப் பிடிக்கும் மூடியில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்தால் கெட்ட பெயர் என்று ஸ்பேனரை எடுத்து, சொட்டு நிற்கும்வரை இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கிளாண்டிலிருந்து புகை. கழற்றிப் பார்த்தபோது ஷாஃப்ட் ஸ்லீவ் (ஷாஃப்டின் மேல் போட்ட உலோக உறை) மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. பேக்கிங் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. கூட இருந்த ஃபிட்டர் அண்ணன் திட்டவில்லை. "தம்பி, சொட்டுறதுதான் அதுக்கு மூச்சு. மூக்கை அடைச்சுட்டியே" என்றார், அவ்வளவுதான்.

பேக்கிங் போடக் கற்றுக்கொள்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வேலை சுலபம். ஆனால் அந்தச் சொட்டு ஏன் வேண்டும் என்று புரியாமல் செய்தால், எவ்வளவு விலை உயர்ந்த பேக்கிங்கும் ஒரே ஷிஃப்டில் போய்விடும்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம்

நாம் டெஃப்லான் என்று சொல்வது பிடிஎஃப்இ (பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன்) என்ற பிளாஸ்டிக். 1938-ல் அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. ஆசிட், காஸ்டிக், கரைப்பான் எதுவும் இதைத் தொடாது. உருகிய சோடியம், சூடான ஃபுளோரின் வாயு மாதிரி ஒருசில முரடர்கள்தான் விதிவிலக்கு. 260 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும், 327-ல் உருகும்.

உருகினாலும் ஓடாது என்பதுதான் இதன் வேடிக்கை. நைலானை உருக்கி நூலாக இழுப்பது போல இதை இழுக்க முடியாது. அதனால் நுண்ணிய பிடிஎஃப்இ துகளை, ரேயான் செய்யும் விஸ்கோஸ் கரைசலோடு கலந்து நூலாக்கி, பிறகு சூட்டில் விஸ்கோஸை எரித்துவிடுவது ஒரு முறை. அப்படி வரும் நூல் பழுப்பாக இருக்கும். டெஃப்லான் என்றால் வெள்ளை என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இன்னொரு முறை, ஃபிலிமை மெல்லிய நாடாவாக அறுத்து இழுத்து முறுக்குவது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் சூடான பிடிஎஃப்இ தண்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுந்துவிடாமல், நுண்துளைகளோடு பல மடங்கு நீண்டது. விரிவாக்கிய பிடிஎஃப்இ பிறந்தது அப்படித்தான். இந்த நூல்களைச் சதுரக் கயிறாகப் பின்னினால் கிளாண்ட் பேக்கிங்.

இதன் குறைகள் மூன்று. அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மெதுவாகப் பிதுங்கி ஓடும். சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ பத்து மடங்கு விரியும். சூட்டைக் கடத்தவே கடத்தாது, சாதாரண இரும்பில் இருநூறில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். இப்போது என் நீல ஸ்லீவை நினைத்துப் பாருங்கள். இறுக்கினேன், உராய்ந்தது, சூடு வெளியேற வழியில்லை, பேக்கிங் விரிந்தது, விரிந்ததால் இன்னும் இறுகியது, இன்னும் சூடு. சூட்டைத் தன்னோடு வெளியே கொண்டுபோய் இந்தச் சுழலை உடைப்பது அந்தச் சொட்டுதான்.

எதை வாங்குவது

பாரிஸ் கார்னரில் இறங்கி செம்புதாஸ் தெருவுக்குள் போய் "டெஃப்லான் பேக்கிங் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரர் கையில் கிடைப்பதைத் தருவார். என்ன திரவம், எவ்வளவு சூடு, ஷாஃப்ட் என்ன வேகம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

எண்ணெய் சேர்க்காத சுத்த வெள்ளை வகை வால்வுக்கும் மெதுவாகச் சுற்றும் மிக்ஸருக்கும். வேகமாகச் சுற்றும் பம்புக்கு மசகு ஏற்றிய வகையோ, கிராஃபைட் சேர்ந்த கறுப்பு வகையோ வேண்டும். கிராஃபைட் சூட்டைக் கடத்தும், அதனால் பம்பில் என் ஓட்டு கறுப்புக்குத்தான். ஆனால் அடர் நைட்ரிக் ஆசிட் போன்ற கடும் ஆக்ஸிஜனேற்றிகள் ஓடும் இடத்தில் கிராஃபைட் கூடாது. மணல், சேறு கலந்த திரவத்துக்கு மூலைகளில் அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல் பின்னியது கிடைக்கும். அராமிட் அடர் ஆசிட்டையும் காஸ்டிக்கையும் தாங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

வேகக் கணக்கு எளிது. 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், நிமிடத்துக்கு 1450 சுற்று என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர். 2900 சுற்றில் 7.6. பேக்கிங் வரும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகம் இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் நூலுக்கு மேலே டெஃப்லான் பூசியதும் வெள்ளையாகத்தான் இருக்கும், விலையும் குறைவு. அதற்கும் தகுந்த இடம் உண்டு, ஆசிட் பம்பு அந்த இடமில்லை. கையில் எடுத்தாலே தெரியும், சுத்த டெஃப்லான் கனக்கும்.

பழையதை எடுப்பது

கரன்ட்டைத் துண்டித்துப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். இரண்டு பக்க வால்வையும் மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, வடித்து, கழுவுங்கள். ஆசிட் பம்பு என்றால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் கிளாண்ட் பக்கம் குனியாதீர்கள். வடித்த பிறகும் பேக்கிங் வளையங்களுக்கு நடுவே ஆசிட் தங்கியிருக்கும்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் கிளாண்ட் நட்டுகள் துருவேறி உறைந்திருக்கும். பலம் காட்டினால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு) முறியும். முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

கார்க் திருகி மாதிரியான பேக்கிங் புல்லரால் ஒவ்வொரு வளையமாக இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் ஸ்லீவில் கீறல் விழும். நடுவில் லாண்டர்ன் ரிங் (தண்ணீர் பரவத் துளைகள் உள்ள கடினமான வளையம்) இருந்தால் அதையும் எடுத்து, அதற்குப் பின்னால் இருக்கும் வளையங்களையும் எடுங்கள். அவசரத்தில் முன்னால் இரண்டை மட்டும் மாற்றிவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம், அடுத்த வாரமே திரும்ப வரவேண்டியிருக்கும். மிகப் பழைய பம்பில் அஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கலாம், சந்தேகம் வந்தால் உலர்ந்த நிலையில் பிய்க்காமல், நனைத்து, தகுந்த மாஸ்க் போட்டு எடுங்கள்.

பனியன் வேஸ்டால் ஸ்டஃபிங் பாக்ஸை, அதாவது பேக்கிங் உட்காரும் குழியை, துடைத்துவிட்டு ஸ்லீவில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ஸ்லீவை மாற்றியாக வேண்டும். ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கோளாறு பேரிங்கில், பேக்கிங் அதைச் சரிசெய்யாது.

அளந்து வெட்டுவது

ஸ்டஃபிங் பாக்ஸின் உள்விட்டத்திலிருந்து ஸ்லீவின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். 75-லிருந்து 50 போனால் 25, அதில் பாதி 12.5 மில்லிமீட்டர். கடையில் அரை அங்குலம் கிடைத்தால் அது 12.7. சுத்தியால் தட்டி ஒல்லியாக்காதீர்கள், பின்னல் உடையும். சுத்தமான மேசையில் வைத்து மேலே ஒரு பைப்பை உருட்டுங்கள், போதும்.

ஷாஃப்ட் அளவுள்ள ஒரு தண்டில், பழைய ஸ்லீவ் இருந்தால் இன்னும் நல்லது, கயிற்றைச் சுற்றிக் கூரான கத்தியால் வெட்டுங்கள். பம்புக்கு நேர் வெட்டு, வால்வுக்கு 45 டிகிரி சாய்வு வெட்டு என்பது என் வழக்கம். முதல் வளையத்தை ஸ்டஃபிங் பாக்ஸில் வைத்துப் பார்த்து, இரண்டு முனையும் இடைவெளியில்லாமல் முட்டினால் மற்றவற்றையும் அதே அளவில் வெட்டுங்கள். ஒரே கயிற்றைச் சுருளாக உள்ளே திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். திரவம் அந்தச் சுருளைப் படிக்கட்டாகப் பிடித்து வெளியே வந்துவிடும்.

வெட்டும்போது சிகரெட், பீடி கூடவே கூடாது. கையில் ஒட்டிய டெஃப்லான் துகள் சிகரெட் நுனியின் சூட்டில் சிதைந்து, அந்தப் புகை உள்ளே போனால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். கையைக் கழுவிய பிறகு மற்றது.

உள்ளே போடுவது

வளையத்தை இரு பக்கமும் இழுத்து அகலத் திறக்காமல், திருகாணி மாதிரி முன்னும் பின்னுமாகப் பிரித்து ஷாஃப்டில் ஏற்றுங்கள். ஒன்றைப் போட்டதும், இரண்டாகப் பிளந்த புஷ்ஷால் (குழாய்த் துண்டால்) அடிவரை தள்ளி உட்காரவைத்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு கிளாண்டை வைத்து ஒரேயடியாக அழுத்தினால் வெளி வளையம் நசுங்கும், உள் வளையம் சும்மா கிடக்கும். இணைப்புகள் ஒரே கோட்டில் வரக்கூடாது. முதலாவது கடிகாரத்தில் 12 மணிக்கு என்றால் அடுத்தது 3, அப்புறம் 6, 9.

எங்கள் பம்பில் உள்ளே இரண்டு, பிறகு லாண்டர்ன் ரிங், அதற்கு வெளியே மூன்று. லாண்டர்ன் ரிங்கை ஃப்ளஷ் துளைக்கு (வெளியிலிருந்து தண்ணீர் விடும் துளைக்கு) நேராக வைக்காமல் ஒரு இழை கிளாண்ட் பக்கமாகத் தள்ளி வையுங்கள். இறுக்கும்போது உள்ளே நகர்ந்து நேராக வந்து நிற்கும். ஆசிட் பம்பில் இது முக்கியம். அந்தத் துளை வழியாக, ஸ்டஃபிங் பாக்ஸின் அழுத்தத்தைவிட அரை முதல் ஒரு பார் கூடுதலாகச் சுத்தமான தண்ணீர் கொடுத்தால், வெளியே சொட்டுவது ஆசிட்டாக இல்லாமல் தண்ணீராக இருக்கும். திரவத்தில் தண்ணீர் கலக்கக்கூடாத இடமென்றால் பேக்கிங்கை விட்டுவிட்டு மெக்கானிக்கல் சீலுக்கு (கயிறுக்குப் பதில் இரண்டு வழவழப்பான முகங்கள் ஒட்டி அடைப்பது) போய்விடுவேன்.

கடைசியில் கிளாண்டை வைத்து நட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். கிளாண்டைச் சுற்றி இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, ஷாஃப்ட் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஓட்டுவது

ஃப்ளஷ் தண்ணீரைத் திறந்துவிட்டு பம்பைப் போட்டால், முதலில் தண்ணீர் தாராளமாக ஒழுகும். பதறாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். அப்புறம் இரண்டு நட்டையும் ஒரு முகம் மட்டும், அதாவது சுற்றில் ஆறில் ஒரு பங்கு, திருப்புங்கள். மறுபடி காத்திருங்கள். கிளாண்டின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் நட்டை ஒரு முகம் தளர்த்தி விடுங்கள். இப்படியே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஷாஃப்டின் ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்பது பரவலான கணக்கு. 50 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு. முதல் நாள் நான் அதற்கு மேலேயே விட்டுவைப்பேன், மறுநாள் காலையில் வந்து குறைப்பேன்.

நைட் ஷிஃப்டில் யாராவது ஒரு புதுப்பையன், என்னை மாதிரியே, சொட்டைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுப்பான். அதனால் கிளம்பும் முன் ஒரு தகரத் துண்டில் பெயின்ட்டால் எழுதி கிளாண்ட் பக்கத்திலேயே கம்பியால் கட்டிவிடுகிறேன்: "20 சொட்டு. இறுக்காதே."