பல போர்ஷன்கள் உள்ள கட்டடத்தை வாடகைக்காக வாங்கும் முன்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் நான்கு அல்லது ஆறு போர்ஷன்கள் கொண்ட பழைய கட்டடம் விலைக்கு வரும்போது, தரகர் முதலில் சொல்வது மாத வாடகையின் மொத்தத் தொகையைத்தான். விலையைத் தீர்மானிக்க வேண்டியதோ செலவெல்லாம் போக உங்கள் கையில் நிற்கும் தொகை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஆறு போர்ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் 12,000 ரூபாய் என்றால் ஆண்டு வாடகை 8,64,000 ரூபாய். விலை 2 கோடி என்றால் 4.3 சதவீத வருவாய் போலத் தோன்றும். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 18 லட்சம், வாங்கும்போதே போய்விடுகிறது. ஒவ்வொரு போர்ஷனும் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தால் 72,000 ரூபாய் குறையும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மோட்டார் பழுது, பொது விளக்கு மின்கட்டணம், வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு 1,60,000 ரூபாய் ஒதுக்கினால், மிஞ்சுவது 6,32,000 ரூபாய். போட்ட முதலுக்கு இது 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 60 லட்சம் கடன் வாங்கினால் தவணை மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,48,000 ரூபாய் ஆகிவிடும். நிலத்தின் மதிப்பு உயரலாம். அந்த உயர்வு மாதத் தவணையைக் கட்டாது. ஆகவே, நிகர வாடகை தாங்கும் அளவுக்கு மேல் கடன் வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இனி ஆவணங்கள். மூலப் பத்திரம், பட்டா, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவது எல்லோரும் அறிந்ததே. பலரும் தவறவிடுவது வேறொன்று. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் எத்தனை வீடுகள், சொத்து வரி ரசீதில் எத்தனை, மாடிப்படிக்கு அடியில் உள்ள மீட்டர் பலகையில் எத்தனை மீட்டர்கள் என்று மூன்றையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு வீடுகளுக்கு அனுமதி வாங்கி, இடையில் சுவர் எழுப்பி ஆறாக்கிய கட்டடங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் வங்கிக் கடனும் பின்னாளில் மறுவிற்பனையும் சிக்கலாகும். தனி மீட்டர் இல்லாத போர்ஷனில் மின்கட்டணத் தகராறு ஓயாது.

தண்ணீரை மே மாதத்தில் பாருங்கள். குடியிருப்பவர்களிடமே, ஆழ்துளைக் கிணறு வற்றுகிறதா, நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏறுகிறது, லாரிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

குடியிருப்போர் கொடுத்த அட்வான்ஸ் தொகை தனிக் கவனத்துக்கு உரியது. அது விற்பவரிடம் இருக்கிறது. நாளை அவர்கள் காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். எனவே ஒவ்வொரு போர்ஷனின் அட்வான்ஸையும் குடியிருப்போரின் கையொப்பத்துடன் பட்டியலிட்டு, மொத்தத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு உரிமை இல்லை. பழைய ஒப்பந்தங்கள் வாய்மொழியாக இருந்தால், பத்திரப் பதிவு முடிந்த உடனே ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசி, வாடகை, உயர்வு விகிதம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

வருமான வரியில், நீங்கள் கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக் கழிவாக எடுக்கலாம். கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. உண்மையில் செலவு எவ்வளவு ஆனாலும் அந்த 30 சதவீதம் மாறாது என்பதால், பெரிய பழுதுபார்ப்புக்கான பணத்தை மாதந்தோறும் தனிக் கணக்கில் சேர்த்து வாருங்கள்.