நாணயம் சரிந்தால் வர்த்தகப் பற்றாக்குறை குறையுமா? கணக்கில் நேரும் தவறுகள்

நாணய மதிப்பு சரிந்தால் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி கூடும், பற்றாக்குறை குறையும். இந்த வாதம் பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை.

பெரிய தவறு, மறுமாதமே பலனைத் தேடுவது. போட்ட ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கும். வாங்கும் அளவு உடனே மாறாது, விலைதான் முதலில் மாறும். உள்நாட்டு நாணயக் கணக்கில் ஒரு நாட்டின் ஏற்றுமதி 80 கோடி, டாலரில் விலை பேசிய இறக்குமதி 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். டாலரின் விலை 10 சதவீதம் ஏறினால் அதே இறக்குமதிக்கு 110 கோடி ஆகும். ஏற்றுமதி உள்நாட்டு நாணயத்தில் விலை பேசப்பட்டிருந்தால் 80 கோடியிலேயே நிற்கும். பற்றாக்குறை 20 கோடியிலிருந்து 30 கோடி! டாலரில் விலை பேசியிருந்தால் ஏற்றுமதி 88 கோடியாகும், பற்றாக்குறை 22 கோடி. ஆனால் டாலர் கணக்கில் எதுவுமே மாறியிருக்காது. அதனால் எந்த நாணயத்தில் சொன்ன புள்ளிவிவரம் என்று முதலில் பாருங்கள்.

வர்த்தக நிலை (ஏற்றுமதி கழித்தல் இறக்குமதி) முதலில் இறங்கிப் பிறகு ஏறும் இந்தப் போக்குக்கு ஜே-வளைவு என்று பெயர். டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகும் டாலர் தொடர்ந்து சரிந்தது. அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறையோ 1987 வரை கூடிக்கொண்டே போனது.

சரி, பொறுத்திருந்தால் மீட்சி நிச்சயமா? அதுவும் இல்லை. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டின் தேவை நெகிழ்ச்சிகளையும் (விலை 1 சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்ற எண்) கூட்டினால் 1-ஐத் தாண்ட வேண்டும் என்கிறது மார்ஷல்-லெர்னர் நிபந்தனை. அதுவும் வர்த்தகம் ஏறக்குறைய சமநிலையில் இருந்து தொடங்கும்போது பொருந்தும் கணக்கு. கச்சா எண்ணெய் போன்றவற்றை விலை ஏறியது என்பதற்காகச் சட்டென்று குறைத்துக்கொள்ள முடியாது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பொருத்தி ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கும் லாபம் குறைவுதான், செலவும் கூடவே ஏறிவிடும்.

உள்நாட்டு விலைவாசியை மறப்பது இன்னொரு தவறு. நாணயம் 10 சதவீதம் சரிந்து, உள்நாட்டு விலைகளும் வெளிநாட்டை விட 10 சதவீதம் கூடுதலாக ஏறினால் கிடைத்த சாதகம் போயே போச்சு. பார்க்க வேண்டியது உண்மைச் செலாவணி விகிதம், அதாவது விலைவாசி வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்த நாணய மாற்று விகிதம்.

பற்றாக்குறை சுருங்கினால் உடனே ஏற்றுமதிக்குப் பாராட்டு வாசிப்பதும் அவசரம். 1997-இல் பாட் நாணயம் சரிந்த மறு ஆண்டே தாய்லாந்துக்கு வர்த்தக உபரி வந்தது. டாலர் கணக்கில் ஏற்றுமதி வளரவே இல்லை. பொருளாதாரம் சுருங்கி, இறக்குமதி படுத்துவிட்டது, அவ்வளவுதான்.